யந்திரம் கையிலிருப்பவர் கடமை

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளையொட்டித் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாக, பிளஸ் டூ வகுப்பிலும் கல்லூரிகளிலும் படித்த பிள்ளைகளின் கைகளை வந்தடைந்த இலட்சக்கணக்கான கணினிகளில் ஒரு பகுதி, இன்றைக்கும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், பீரோவின் மேல்தட்டில் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் காலாவதியான ரேஷன் அட்டைகளுக்கும் நடுவே துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. யந்திரம் அடியோடு கெட்டுவிட்டதென்று அப்படி வைத்தவர்கள் சிலரே. மெதுவாகிவிட்டது, பாட்டரி நிற்பதில்லை, வைரஸ் புகுந்துவிட்டது, விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டது என்னும் காரணங்களால் வைத்தவர்களே பலர். விண்டோஸ் 10-க்கு மாறிக்கொண்டவர்களையும் 2025 அக்டோபர் 14 என்ற தேதி அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சாதனத்தையும், இன்டெல்லாயின் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சில்லையும் கேட்பதால், நம் பீரோவில் உறங்கும் கணினிகளுக்கு அந்த வழியே இல்லை.

ஆனால் அந்தக் கணினிகளுக்குள் வேறொரு வழியும் முதலிலேயே வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பலர் கவனித்ததில்லை. அவை விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளத்தையும் தாங்கியே வந்தன. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமாகிய இந்தப் பாஸ், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தாரால் டெபியன் என்னும் தொண்டர் படைப்பை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்டு, 2007-இல் முதன்முதலாக வெளிவந்தது. அதே காலத்தையொட்டி, தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அந்நிறுவனத்தின் கணினிகளைச் சுசே லினக்ஸுக்கு மாற்றியதும், பள்ளிப் பாடநூலில் ஸ்டார் ஆபீஸ் இடம்பெற்றிருந்ததும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை. கணினியைத் திறந்தவுடன் இரண்டில் எது வேண்டுமென்று கேட்கும் திரையில், கீழ்வரியில் இருந்த அந்தப் பெயரை ஒருமுறையேனும் தேர்ந்தெடுத்தவர்கள் மிகக் குறைவு என்பது என் அபிப்பிராயம். கற்பிக்க ஆளில்லாமல் கொடுக்கப்பட்ட கருவி அவ்வாறுதான் கிடக்கும். அதில் பிள்ளைகளைக் குறைகூற ஒன்றுமில்லை.

பழைய கணினியில் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவும் முறையைச் சொல்வதோடு இந்த அத்தியாயத்தை முடித்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அந்த இயங்குதளம் பழைய கணினியில் தொடர்ந்து ஓடுவதற்கு வேண்டிய காரியங்களை யார் செய்கிறார்கள், அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய உபகாரம் என்ன என்பதையும் சேர்த்தே விவரிக்க உத்தேசித்திருக்கிறேன். பின்னதை விட்டு முன்னதை மட்டும் கற்றவர், மூன்று நான்கு ஆண்டுகளில் மறுபடியும் பீரோவின் மேல்தட்டுக்கே வந்துசேர நேரும்.

ஆதரவு என்பது எங்கிருந்து வருகிறது

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமாகிய கர்னலின் மூலநிரலோடு கூடவே, சாதனங்களை இயக்கும் ஒவ்வொரு டிரைவரையும் பராமரிப்பவர் யார் என்பதைக் குறிக்கும் நீண்ட பட்டியல் ஒன்று வருகிறது. அதில் ஒவ்வொரு பகுதிக்கும் நேராக அதன் நிலையும் எழுதப்பட்டிருக்கும்: சம்பளம் பெற்றுப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பது ஒன்று, ஆர்வத்தின் பேரில் ஒருவர் பார்த்துக்கொள்வது ஒன்று, எப்போதேனும் நேரம் கிடைத்தால் திருத்தப்படுவது ஒன்று, அநாதை என்றே குறிக்கப்பட்டிருப்பது ஒன்று. புதிய சாதனங்களுக்கு அவற்றை விற்கும் கம்பெனிகளே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கின்றன. விற்பனை ஓய்ந்து சில ஆண்டுகள் கழிந்ததும் அந்த ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தச் சாதனத்தின் ஜீவன் பெரும்பாலும், அதை இன்னமும் மேசைமேல் வைத்திருக்கும் யாரோ ஒருவருடைய சிரத்தையைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இதற்கு நல்ல திருஷ்டாந்தம் பிளாப்பி வட்டின் டிரைவர். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தம்முடைய 386 கணினியில் லினக்ஸை எழுதத் தொடங்கிய காலத்தில் பிளாப்பி இல்லாத கணினி கிடையாது. 2019-ஆம் ஆண்டிலோ, அந்த டிரைவரைப் பார்த்துவந்த இரி கோசினா தம்மிடம் ஓடக்கூடிய பிளாப்பி சாதனம் இல்லாமற்போயிற்றென்று விலகிக்கொள்ள, டோர்வால்ட்ஸ் அதை அநாதைப் பகுதியாகக் குறித்துவிட்டார். அவர் அதற்குச் சொன்ன முக்கியமான காரணம், வேலைசெய்யும் பிளாப்பி சாதனமே கிடைப்பது அரிதாகிவிட்டது என்பதாகும். பிறகு டெனிஸ் எஃப்ரிமோவ் என்பவர் முன்வந்து அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதால் டிரைவர் பிழைத்தது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்க, அன்று தட்டுப்பாடு இருந்தது திருத்தத்தைப் போட்டு ஓட்டிப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆளுக்கே என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஆள் வராமற்போனால் நேர்வதற்கும் திருஷ்டாந்தம் உண்டு. இன்டெல் பெரும் எதிர்பார்ப்போடு வெளியிட்ட இட்டானியம் சில்லுக்குரிய பகுதி, பராமரிக்க முன்வருவோரின்றி, 2024 ஜனவரியில் வந்த 6.7 கர்னலில் முற்றிலும் நீக்கப்பட்டது. கோடிக்கணக்கான பேர் உபயோகித்த 386 சில்லுக்கான ஆதரவும் 2013-இல் வந்த 3.8 கர்னலோடு போயிற்று. மறுபுறம், 1980-களின் அமிகா, மக்கின்டாஷ் கணினிகளில் இருந்த மோட்டரோலா 68000 குடும்பச் சில்லுகளுக்கு, டெபியனின் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து அவை விலக்கப்பட்ட பின்னும், டெபியன் போர்ட்ஸ் என்ற தனிப் பிரிவில் இன்றுவரை புதிய மென்பொருள்கள் கட்டப்பட்டு வருகின்றன. ஜான் பால் ஏட்ரியன் கிளாவ்பிட்ஸ் முதலிய சில தொண்டர்கள் விடாப்பிடியாக இருப்பதே அதற்குக் காரணம். எத்தனை கணினிகள் உலகில் மிஞ்சியிருக்கின்றன என்ற கணக்கைவிட, எத்தனை பேர் பேசுகிறார்கள் என்ற கணக்கே இந்த விஷயத்தில் அதிகமாகச் செல்லுபடியாகிறது.

நம் ஜில்லாவின் ஏரிகளை ஊரார் கூடிக் குடிமராமத்துச் செய்துவந்த ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று: மதகுக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர் மண்வெட்டியோடு வந்தால்தான் வாய்க்கால் தூர்வாரப்படும்; தம் பங்குக்கு வராதவர், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்று கரையில் நின்று சத்தமிட்டுப் பிரயோஜனமில்லை. டெபியன் ஒவ்வொரு புதிய பதிப்பை வெளியிடும் முன்பும், ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் அதைத் தொடர்ந்து பரிசோதித்துக் குறைகளைத் தீர்க்க உறுதி கூறுவோர் யார் யார் என்று பெயர் கேட்பது வழக்கம். பெயர் கொடுக்க ஆளில்லாத வகை, அடுத்த பதிப்பில் இடம்பெறுவது அரிது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேனென்றால், பழைய கணினிக்கான ஆதரவு நிறுத்தப்படும்போதெல்லாம், அதுவரை ஒரு வரி எழுதியிராதவர்கள் தொண்டர்களை வாயில் வந்தபடி ஏசுவதைப் பார்த்திருக்கிறேன். ஏசப்படுபவர் பெரும்பாலும் தம் சொந்த வேலை முடிந்த பிறகு இரவில் விழித்திருந்து அந்தப் பணியைச் செய்தவராக இருப்பார்.

கணினியின் வயதை அறிதல்

முதலில் அறியவேண்டியது, உங்கள் கணினியின் சில்லு 32 பிட் மட்டுமே அறிந்ததா, 64 பிட்டும் அறிந்ததா என்பது. கடைத்தெருவில் பலரும் இதில் தவறுகிறார்கள். கணினியில் 32 பிட் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால், கணினியே 32 பிட் என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். இயங்குதளம் வேறு, சில்லு வேறு. 2011 முதல் அரசு வழங்கிய மடிக்கணினிகளின் சில்லுகள் 64 பிட் அறிந்தவையே. அவற்றில் 64 பிட் டெபியனைத் தயக்கமின்றி நிறுவலாம். பென்டியம் 4-இன் முற்பகுதி, பென்டியம் எம், ஆட்டம் சில்லின் முதல் வகைகள் ஆகியவற்றைக் கொண்ட கணினிகள், குறிப்பாக டி.டி.பி. கடைகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை, 32 பிட் மட்டுமே அறிந்தவையாக இருக்கக்கூடும். சந்தேகமிருந்தால், ஏதேனும் ஒரு லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து துவக்கி, டெர்மினலில் 'எல்எஸ்சிபியூ' என்ற ஆணையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கொடுத்தால், விடையின் மேல்வரிகளிலேயே அது தெரிந்துவிடும்.

32 பிட் கணினிக்கு இன்று மிஞ்சியுள்ள வழி குறுகியது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த டெபியன் 13, 32 பிட் எக்ஸ்86 கணினிகளுக்குக் கர்னலும் தருவதில்லை, நிறுவியும் தருவதில்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-தான் அவ்வகையில் கடைசி. அதற்கு நீண்டகாலப் பராமரிப்பு 2028 ஜூன் வரை உண்டு. உபுண்டு 2017-லேயே தன் 32 பிட் மேசைக்கணினிப் பதிப்பை நிறுத்திக்கொண்டது. இயங்குதளத்துக்கு ஆயுள் இருந்தாலும் பிரவுசருக்கு இருக்கவேண்டுமே என்பது இன்னொரு சங்கடம். கூகுள் குரோம் 2016-இலேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. பயர்பாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. ஆகையால் 32 பிட் கணினியை இணையத்தில் உலவுவதற்கென்று மீட்டெடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கடிதம் அடிக்கவும், கடைக்கணக்கு எழுதவும், பிள்ளைகள் தட்டச்சும் பைதான் நிரலும் பழகவும் அது போதுமானது. பாங்குக் கணக்கை அதில் திறக்கவேண்டாம்.

இணையத்தில் 'பழைய கணினிக்கென்றே உருவாக்கியது' என்ற விளம்பரத்தோடு நூற்றுக்கணக்கான லினக்ஸ் வழங்கல்கள் கிடைக்கின்றன. ஆன்டிஎக்ஸ், பப்பி போன்றவை நெடுங்காலமாக நடந்துவருபவை, மதிக்கத்தக்கவை. ஆனால் ஒரே ஒருவர் நடத்தும் சிறு வழங்கலில் ஓர் அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் மாற்றிவிடுவது விவேகமன்று. அவர் சலித்துப்போன மறுநாள் நம் கணினிக்குத் திருத்தம் வராது. டெபியனையே நிறுவி, அதில் எல்எக்ஸ்கியூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலேசான திரைச்சூழலைத் தேர்ந்துகொள்வது பெரும்பாலோர்க்குப் போதும்.

நிறுவுமுன் உடலைப் பார்த்தல்

மென்பொருளைக் குறைகூறுமுன் யந்திரத்தின் உடலைப் பரிசோதிக்க வேண்டும் என்பது பழகியவர்கள் அனைவரும் ஒப்புக்கொள்ளும் கிரமம். கணினி பல வருஷம் பீரோவில் கிடந்திருந்தால், அதன் தாய்ப்பலகையிலுள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்டப் பாட்டரி தீர்ந்திருக்கும். அதனால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். தேதி தவறியிருந்தால் பிரவுசர் எந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்ளாது. இணையமே வேலைசெய்யவில்லையென்று வைஃபையைச் சந்தேகித்து அலைபவர்களுக்கு, கடிகாரக் கடையில் கிடைக்கும் இந்தச் சிறு பாட்டரிதான் மருந்து.

பெரிய பாட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது; கழற்றி எடுத்துவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டலாம். அவ்வாறு ஓட்டும்போது கரண்ட் போனால் கணினியும் உடனே அணையும் என்பதால், சிறிய யூபிஎஸ் ஒன்றை இணைத்துக்கொள்வது நல்லது. விசிறியில் அடைந்த தூசியைத் துலக்கி, சில்லின் மேலுள்ள ஹீட்சிங்க் பேஸ்டை மாற்றினால், நம் ஊர்க் கத்திரி வெயிலில் கணினி தானாக அணைந்துபோகும் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிடும். 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெங்கல் புயலின்போது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி இந்த ஜில்லாவையே முழுக்கடித்ததே, அம்மாதிரி வெள்ளத்தில் நனைந்த கணினியாயின், காய்ந்துவிட்டதுபோலத் தோன்றினாலும் அவசரப்பட்டு மின்சாரம் கொடுக்கலாகாது. வட்டைத் தனியே கழற்றிப் பத்திரப்படுத்தி, பலகையைத் திறந்து சுத்தம் செய்து நன்கு உலர்ந்த பிறகே சோதிக்க வேண்டும்.

நினைவகத்தை மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளால் ஓர் இரவு முழுதும் பரிசோதிக்க விடுக. வட்டின் உடல்நிலையை அதன் ஸ்மார்ட் பதிவு சொல்லும்; அதில் 5-ஆம் எண்ணுக்கும் 197-ஆம் எண்ணுக்கும் நேரே பூஜ்யத்துக்கு மேற்பட்ட மதிப்பு ஏறிக்கொண்டே போகுமாயின், வட்டு நம்மை விட்டுப் போகத் தயாராகிறது என்று பொருள். திட்டத்தின் முதலாண்டுகளில் வந்த கணினிகளில் பெரும்பாலும் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி சுழல்வட்டும் இருந்தன. சுழல்வட்டை நீக்கி ஒரு சிறிய சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தி, நினைவகத்தை 4 ஜிபியாக உயர்த்தினால் கிடைக்கும் வேகத்தை எந்த இலேசான வழங்கலாலும் தரமுடியாது. நினைவகம் வாங்கும்போது ஒன்று கவனிக்க: 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வகை, 1.5 வோல்ட் டிடிஆர்3 கேட்கும் கணினியில் பொதுவாக வேலைசெய்யும். டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும் கணினியில் பழைய டிடிஆர்3 வேலைசெய்யாது.

இவை முடிந்தபின், நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயங்குதளத்தைத் துவக்கி, வைஃபை, ஒலி, காமிரா, திரையின் வெளிச்சம், மூடியை மூடினால் உறங்கித் திறந்தால் விழிப்பது ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முற்காலத்தில் வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேர் என்னும் உள்மென்பொருளை வேறொரு பென்டிரைவில் தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது. டெபியன் அங்கத்தினர்கள் 2022-இல் வாக்கெடுத்துத் தீர்மானித்ததன் பயனாக, 12-ஆம் பதிப்பு முதல் அது நிறுவியோடு சேர்ந்தே வருகிறது. தமிழ்99 விசைப்பலகையும் அமைப்புப் பகுதியிலேயே கிடைக்கும். தனியே எதையும் இறக்கவேண்டியதில்லை.

தெரிவிக்கும் முறை

நிறுவியாயிற்று, ஓடுகிறது, ஆனால் ஒரு மாதம் கழித்து வந்த புதுப்பிப்புக்குப் பின் திரை கறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம்மவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் வேறொரு வழங்கலை நிறுவிப் பார்ப்பார்கள். அதிலும் சரிவராவிட்டால் கணினியை மறுபடி துணியில் சுற்றிவிடுவார்கள். பராமரிப்பவருக்கோ, இப்படி ஒரு குறை இருந்ததென்பதே தெரியாது. ஒருவரும் வாய்திறவாததால், அந்தச் சாதனத்தை உபயோகிப்போர் ஒருவரும் இல்லை என்றே அவர் கருத நேரிடுகிறது. சில ஆண்டுகளில் அந்த டிரைவரை நீக்கிவிடலாமா என்ற யோசனை எழும்போது ஆட்சேபம் சொல்லவும் ஆளிருப்பதில்லை.

ஆகவே முதற்காரியமாக, கணினி நன்றாக ஓடும் நாளிலேயே அதன் ஜாதகத்தை எழுதிவைக்க வேண்டும். 'எல்எஸ்பிசிஐ' என்ற ஆணையோடு, கோடிட்டு 'என்என்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், உள்ளிருக்கும் ஒவ்வொரு சாதனமும் தன் அடையாள எண்ணோடு வரும். சதுர அடைப்புக்குள் தோன்றும் எண்ணின் முதற்பாதி தயாரிப்பாளரையும், பிற்பாதி சாதனத்தையும் குறிக்கும். இன்டெல்லுக்கு உரிய எண் 8086. 1978-இல் வந்த தன் சில்லின் பெயரையே அந்தக் கம்பெனி அடையாள எண்ணாகவும் வைத்துக்கொண்டது ஒரு சுவையான செய்தி. பெட்டியின் மேலே ஒட்டியிருக்கும் பெயரைவிட இந்த எண்களே பராமரிப்பவருக்குப் பிரயோஜனமானவை. ஏனெனில் ஒரே பெயருள்ள மாடலில் வெவ்வேறு வைஃபை அட்டைகளைக் கம்பெனிகள் பொருத்தி அனுப்புவது சகஜம்.

குறை தோன்றியதும் எழுதவேண்டியவை சிலவே. எந்தக் கர்னல் பதிப்பில் சரியாக ஓடியது, எந்தப் பதிப்பில் கெட்டது, கெட்டதைத் திரும்பவும் வரவழைக்க என்ன செய்யவேண்டும், கர்னல் துவக்கத்தில் எழுதும் செய்திப்பதிவு முழுமையும் ஆகியவை போதும். பதிவில் தமக்கு முக்கியமாகத் தோன்றிய இரண்டு வரிகளை மட்டும் வெட்டி அனுப்புவதைப் புதியவர்கள் செய்கிறார்கள், அது கூடாது. பழைய கர்னலை டெபியன் உடனே அழித்துவிடுவதில்லை. துவக்கத் திரையிலுள்ள கூடுதல் தேர்வுகளில் அது இருக்கும். அதைத் தேர்ந்து பார்த்து, அங்கே சரியாக ஓடுகிறதென்றால், பாதிக் காரியம் முடிந்தது. 'முன்பு ஓடியது, இப்போது ஓடவில்லை' என்னும் வகைக் குறைகளைக் கர்னல் உலகத்தார் மற்றவற்றைவிடத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள். உபயோகிப்பவரின் கணினியைக் கெடுக்கும் மாற்றம் எதுவும் நிற்கலாகாது என்பது டோர்வால்ட்ஸ் நெடுங்காலமாக வற்புறுத்திவரும் விதி. அவ்வகைக் குறைகளைக் கணக்கு வைத்துத் தொடர்ந்து விசாரிப்பதற்கென்றே தோர்ஸ்டன் லீம்ஹூயிஸ் என்பவர் பாடுபட்டு வருகிறார்.

எந்த மாற்றத்தால் கெட்டது என்பதை இன்னும் துல்லியமாகக் கண்டுபிடிக்க, கர்னலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் பைசெக்ட் என்றொரு முறை உண்டு. நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவிலுள்ள மாற்றங்களைச் சரிபாதியாகப் பிரித்து, நடுவிலிருக்கும் கர்னலைக் கட்டி ஓட்டிப் பார்த்து, கெட்டிருந்தால் முற்பாதியையும் நன்றாயிருந்தால் பிற்பாதியையும் மேலும் பிரித்துக்கொண்டே போவதுதான் அது. 10,000 மாற்றங்கள் நடுவே இருந்தாலும் ஏறத்தாழ 14 முறை ஓட்டிப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். பழைய மடிக்கணினியிலேயே கர்னலைக் கட்ட முற்பட்டால் ஒரு தடவைக்கே பல மணிநேரம் பிடிக்கும். கட்டும் வேலையைப் புதிய கணினியில் செய்து, ஓட்டும் வேலையை மட்டும் பழையதில் செய்வதே உசிதம்.

தனியாக இவ்வளவும் செய்வது சிரமமென்பதில் சந்தேகமில்லை. இங்கேதான் ஊரில் கூட்டம் சேர்வதன் பலன் தெரிகிறது. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கட்டணமின்றிக் கற்பித்து வருகிறார்கள். தமிழில் படிப்பவர்க்கு, த. சீனிவாசன் முதலியோர் 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழின் கட்டுரைகள் கைகொடுக்கின்றன. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். பஸ்ஸும் ரயிலும் உண்டு. கல்லூரி மாணவர்கள் நால்வர் சேர்ந்து, ஊரில் உறங்கும் அரசு மடிக்கணினிகளில் மாடலுக்கு ஒன்றாக நான்கைந்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய டெபியன் பதிப்பும் சோதனை நிலையிலிருக்கும்போதே அவற்றில் ஓட்டிப் பார்த்து எழுதியனுப்பினால், அது உலகின் எந்தப் பெரிய கம்பெனியின் பரிசோதனைச் சாலையிலும் நடக்காத வேலை. எல்காட் வாங்கி விநியோகித்த இந்த மாடல்கள் அவர்களிடம் இருக்க நியாயமேயில்லை.

வரைகலைச் சாதனங்களின் கதை இதற்குத் தக்க சான்று. 2022-இல் மெசா என்ற வரைகலை மென்பொருளின் 22.0 பதிப்பு வந்தபோது, பழைய முறையில் எழுதப்பட்ட டிரைவர்கள் யாவும் ஆம்பர் என்ற தனிக்கிளைக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, இன்டெல்லின் நான்காம் தலைமுறை முதல் ஏழாம் தலைமுறை வரையிலான வரைகலைப் பகுதிகளை இயக்கி வந்தது. 2011-ஐ ஒட்டி வந்த சாண்டி பிரிட்ஜ் சில்லுகளின் வரைகலை அதில் ஆறாம் தலைமுறை. அந்தக் கணினிகள் அன்றே மூலையில் ஒதுங்கியிருக்கும். ஆனால் அதற்கு முன்பே டேவ் ஏர்லி முன்னின்று குரோக்கஸ் என்ற புதிய டிரைவரை எழுதியிருந்தார். அவர் எழுதிவிட்டார், இத்தனை ஆண்டுப் பழைய சில்லுகள் அத்தனையிலும் அது சரியாக வரைகிறதா என்பதை, அந்தந்தச் சில்லை வைத்திருப்பவர்கள்தாம் பார்த்துச் சொல்லமுடியும். பிளாஸ்மா திரைச்சூழலில் எழுத்துகள் சிதைவதும், படம் ஓட்டும்போது பச்சைக்கோடு விழுவதும் போன்ற சில்லறைக் குறைகளை நிரல் எழுதியவர் தம் அறையிலிருந்தபடி அறிய வழியில்லை.

குறையை எழுதியனுப்பிய பின் காத்திருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். பதில் வரும்போது அது பெரும்பாலும் ஒரு கேள்வியாகவோ, ஓட்டிப் பார்க்கச் சொல்லும் திருத்தமாகவோ இருக்கும். அந்தச் சமயத்தில் மௌனமாகிவிடுவதைவிடத் தொண்டரை மனம் நோகச் செய்வது வேறில்லை. பரீட்சையோ வேலையோ குறுக்கிட்டால், இன்ன தேதிக்குப் பிறகே பார்க்கமுடியும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அவர் பொறுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் இலக்கணப்பிழை இருக்குமே என்று கூச்சப்படவும் தேவையில்லை. படிப்பவர்களிலும் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. திருத்தம் ஓடிற்று என்று நீங்கள் சொன்னால், கர்னலின் சரித்திரப் பதிவில் அந்த மாற்றத்தின் அடியில், குறையைத் தெரிவித்தவர் என்றும் பரிசோதித்தவர் என்றும் உங்கள் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பதிவாகும்.

அந்த முகவரி விஷயத்தில் மாணவர்கள் சற்று யோசித்துச் செய்ய வேண்டும். கல்லூரி கொடுத்த முகவரியைத் தந்தால், படிப்பு முடிந்த மறுவருஷமே அது செயலற்றுப்போகும். பிற்காலத்தில் அந்த டிரைவரில் கை வைக்க நேரும்போதோ, அதை நீக்கலாமா என்று ஆலோசிக்கும்போதோ, பராமரிப்பவர்கள் பழைய பதிவுகளைப் புரட்டி, இதற்குமுன் பரிசோதித்தவர் யாரென்று பார்த்து அந்த முகவரிக்கே எழுதுவார்கள். ஆகவே நெடுநாள் நிலைத்திருக்கக்கூடிய சொந்த முகவரியையே தருக. கணினியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், அடுத்து எழுதும் கடிதத்திலேயே அவருடைய சம்மதத்துடன் அவர் முகவரியையும் தெரிவித்துவிடுக.